கயிறு பிடித்த கை

கடலைக் கடந்த தமிழரின் வரலாறு விரிவாகப் பேசப்பட்டிருக்கிறது. 1025ஆம் ஆண்டில் கடாரத்தின் மீது சென்ற இராசேந்திர சோழனின் கப்பற்படையும், கீழைக் கடலில் பாய் விரித்த வணிகர் கூட்டமும் பள்ளி நூல்களிலேயே இடம் பெற்றுள்ளன. கடலுக்குள் இறங்கிய தமிழரின் வரலாறோ அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. மூச்சை அடக்கி, கல்லைத் துணைக்கொண்டு, பல பாகம் ஆழத்திலிருந்து முத்துச் சிப்பியையும் சங்கையும் அள்ளி வந்தவர்கள் மன்னர்களின் கருவூலங்களை நிரப்பினார்கள். அவர்கள் எப்படித் தொழில் கற்றார்கள், எவர் துணையை நம்பி நீரில் இறங்கினார்கள், எடுத்து வந்ததில் அவர்களுக்குக் கிடைத்தது எவ்வளவு என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளன.

இன்று இவ்வினாக்களுக்குப் புதியதொரு தேவை பிறந்துள்ளது. முதுகில் காற்று உருளையைச் சுமந்து நீருக்கடியில் மூச்சு விடும் ‘ஸ்கூபா’ முறை உலகெங்கும் ஒரு தொழிலாக வளர்ந்துவிட்டது. அதனைக் கற்று, வழிகாட்டியாகவோ பயிற்றுநராகவோ அயல்நாட்டுக் கடல்களில் வேலை தேடிச் செல்லும் இளைஞர்கள் பலர். அத்தொழிலின் வாசலில் நிற்கும் தமிழ் இளைஞனுக்குத் தன் முன்னோர் இதே கடலில் பெற்ற அனுபவம் ஒரு பாடமாகும். பெருமைப்படத்தக்கவையும் எச்சரிக்கையாகக் கொள்ளத்தக்கவையும் அப்பாடத்தில் உண்டு.

பினாங்கும் எதிர்க்கரையும்

பினாங்குத் தீவில் 1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். ஜார்ஜ் டவுன் நகரம் உருவான தொடக்க ஆண்டுகளிலேயே அங்குத் தமிழ் முசுலிம்கள் குடியேறிவிட்டனர். சூலியாக்கள் என அழைக்கப்பட்ட அவர்களின் பெயரைச் சூலியா தெரு இன்றும் தாங்கி நிற்கிறது. 1801இல் அமைந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், நாகூர் ஆண்டகையின் நினைவாக எழுந்த தர்காவும் அக்குடியேற்றத்தின் சான்றுகள். 1794ஆம் ஆண்டில் லைட் எழுதிய குறிப்பொன்று, சோழமண்டலக் கரையிலிருந்து வரும் கப்பல்கள் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கொண்டுவந்து இறக்கியதையும், அவர்கள் சில காலம் உழைத்துச் சிறிது பொருள் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பியதையும், அவர்களின் இடத்துக்கு வேறு சிலர் வந்ததையும் தெரிவிக்கிறது.

இந்த வருகையும் திரும்புகையும் தமிழகக் கடற்கரைக்குப் புதியன அல்ல. பருவக் காற்றை எதிர்பார்த்து, முன்பணம் பெற்றுக்கொண்டு, அயற்கரைக்குச் சென்று, சில மாதம் உழைத்துத் திரும்பும் வாழ்க்கையை அக்கரை மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். கீழக்கரை, காயல்பட்டினம், தூத்துக்குடி முதலிய ஊர்களிலிருந்து மன்னார் வளைகுடாவைக் கடந்து இலங்கைக் கரைக்கு முத்துக் குளிக்கச் சென்ற கூட்டம் அவ்வாழ்க்கையின் பழமையான வடிவம். வங்கக் கடலைக் கடந்து பினாங்குக்கு வந்தவர்கள் கடலின் மேற்பரப்பில் பிழைப்புத் தேடினார்கள். வளைகுடாவைக் கடந்தவர்கள் அதன் அடித்தளத்தில் பிழைப்புத் தேடினார்கள். அயலூரில் உழைப்போருக்குரிய நிலையாமை இரு சாராருக்கும் பொதுவாயிற்று.

கொற்கை முதல் குடியேற்ற ஆட்சி வரை

பாண்டியரின் கொற்கை முத்துக்குப் பெயர் பெற்றது என்பதைச் சங்க நூல்கள் பல இடங்களில் கூறுகின்றன. அம்முத்தின் ஒளியை வியந்த அளவுக்கு அதனை எடுத்தவனின் உழைப்பை எண்ணிப் பார்த்தவர் குறைவு. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பெரிப்ளூசு’ என்னும் கிரேக்கக் கடற்பயண நூல், கொற்கையின் முத்துக் குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டதாகக் குறிப்பிடுகிறது. ஓர் அயல்நாட்டு வணிகன் கேட்டறிந்து எழுதிய செய்தி இது. முழு உண்மையையும் அது சொல்லிவிட்டது எனக் கொள்ளவேண்டியதில்லை. ஆயினும், உயிருக்கு அஞ்சாதவரோ, அஞ்சினாலும் மறுக்க முடியாதவரோ செய்யும் வேலையாக அது கருதப்பட்டதை அக்குறிப்பு உணர்த்துகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரையைக் கண்ட மார்க்கோ போலோ, முத்துக் குளிப்பின் வருவாய் பங்கிடப்பட்ட முறையை எழுதியுள்ளார். மன்னனுக்குப் பத்தில் ஒரு பங்கு. சுறா முதலிய கொடிய மீன்களை மந்திரத்தால் கட்டி வைப்பவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. இம்மந்திரக்காரர்களின் வழிவந்தோர் பிற்காலத்தில் கடல்கட்டி எனப்பட்டனர். ஆங்கிலேயர் ஆட்சியிலும் இலங்கை அரசு அவர்களுக்கு ஊதியம் அளித்து வந்ததைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எமர்சன் டென்னென்ட் பதிவு செய்துள்ளார். மந்திரத்தில் அதிகாரிகளுக்கு நம்பிக்கை இருந்ததா என்பது வேறு செய்தி. கடல்கட்டி கரையில் அமர்ந்திருக்காவிடில் குளிப்பவர் நீரில் இறங்கமாட்டார் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். ஆபத்து மிகுந்த தொழிலில் இறங்குபவனுக்குத் தன்னைக் காப்பவர் ஒருவர் உண்டு என்னும் உறுதி வேண்டும். பழங்காலம் அவ்வுறுதியை மந்திரத்தில் தேடியது.

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரும், பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தரும், 1796 முதல் ஆங்கிலேயரும் இவ்வளைகுடாவின் முத்துப் படுகைகளை ஆண்டனர். 1530களில் பரதவர் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கத்தோலிக்க சமயம் தழுவியதற்குக் கடற்கரையின் மீதும் முத்துப் படுகைகளின் மீதும் நிகழ்ந்த போட்டியே பின்னணியாக அமைந்தது. கொடிகள் மாறின. படுகைக்குள் இறங்கியவர்கள் பரதவரும் கடற்கரை முசுலிம்களுமாகவே தொடர்ந்தனர்.

தொழில் கற்ற முறை

கடலடியில் பாறை சார்ந்து சிப்பிகள் வளரும் மேட்டைக் கடலோர மக்கள் ‘பார்’ என்பர். தூத்துக்குடிக்கு அப்பால் உள்ள தொலாயிரம் பார், இலங்கைப் பக்கத்துப் பெரிய பார் முதலியன புகழ் பெற்றவை. ஆழத்தை அவர்கள் ‘பாகம்’ என்னும் அளவால் அளந்தனர். இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறடி. முத்துப் பார்கள் பெரும்பாலும் ஐந்து முதல் பத்துப் பாக ஆழத்தில், அதாவது 9 முதல் 18 மீட்டர் வரையிலான ஆழத்தில் இருந்தன.

வாடைக்காற்று ஓய்ந்து தென்மேற்குப் பருவக்காற்று எழுவதற்கு முன்னுள்ள சில வாரங்களே குளிப்புக்கு உரிய காலம். நள்ளிரவில் தரைக்காற்றைப் பிடித்துப் படகுகள் புறப்படும். விடியும்போது பாரை அடையும். அடையாளம் கிடைத்ததும் குளிப்புத் தொடங்கும். நண்பகலுக்குப் பின் கடற்காற்று எழும். படகுகள் கரை நோக்கித் திரும்பும். ஒரு படகில் பொதுவாகப் பத்துச் சுழியோடிகள் இருப்பர். ஐந்து கல், ஐந்து இணை. ஒருவன் இறங்கும்போது மற்றவன் இளைப்பாறுவான். 15 முதல் 20 கிலோ எடையுள்ள கல்லில் கால் வைத்து, மூச்சை நிரம்ப வாங்கிக்கொண்டு அவன் இறங்குவான். அடியைத் தொட்டதும் கல்லை மேலே இழுத்துவிடுவர். அவன் சிப்பிகளைப் பறித்து வலைக்கூடையில் நிரப்பிக் கயிற்றை அசைப்பான். மேலே நிற்பவன் இழுப்பான். நீருக்கடியில் கழிவது பெரும்பாலும் ஒரு நிமிடம்; வல்லவர்க்கு அதனினும் சற்றுக் கூடும். ஒரு நாளில் ஒருவன் இவ்வாறு நாற்பது, ஐம்பது முறை இறங்கினான்.

இத்தொழிலுக்குப் பள்ளி இல்லை, பாடநூலும் இல்லை. நீரின் நிறத்தைக் கொண்டு அடித்தளத்தை அறிதல், நீரோட்டத்தை உணர்தல், காதில் எழும் வலியைத் தாங்குதல், மூச்சு முடியுமுன் கயிற்றை அசைத்தல் ஆகிய எல்லாம் தந்தையிடமும் மூத்தவர்களிடமும் கண்டும் கேட்டும் பழகியவை. தவறு செய்து கற்கும் உரிமையைக் கடல் எளிதில் தருவதில்லை. பலருக்குச் செவிப்பறை கிழிந்தது, செவிப்புலன் குறைந்தது. அதுவும் தொழிலின் ஓர் அடையாளமாகவே கொள்ளப்பட்டது.

கற்பவனுக்கு அமைந்த ஒரே காப்பு, கயிறு பிடிப்பவன். கீழே இருப்பவனின் மூச்சு எவ்வளவு, வழக்கமாக எப்போது கயிறு அசையும், அசையாவிட்டால் எப்போது இழுக்கவேண்டும் என்பவற்றை அவன் அறிந்திருக்கவேண்டும். கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பதே வழக்கம் என்று கடற்கரையூர்களில் ஒரு செய்தி வழங்கி வருகிறது. தன் உடன்பிறந்தவள் தாலி இழக்க அவன் விடமாட்டான் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். எல்லாப் படகிலும் மைத்துனரே கயிறு பிடித்தனர் என்று கொள்ள இயலாது. ஆனால் அச்செய்தி உணர்த்தும் தொழில் அறிவு ஆழமானது: எவனுக்கு உன் உயிரில் அக்கறை உண்டோ, அவன் கையில் கயிற்றைக் கொடு.

எண்ணாகிப் போன மனிதர்கள்

நீரில் கயிற்றை மைத்துனன் பிடித்தான். கரையில் வேறொரு கயிறு வேறு பலர் கையில் இருந்தது. படகுக்கு உரியவனான சம்மாட்டி முன்பணம் கொடுத்தான். அக்கடன் சுழியோடியை அடுத்த பருவத்துக்கும் கட்டி வைத்தது. ஆங்கிலேயர் கால இலங்கை முத்துக் குளிப்பில், கரை சேர்ந்த சிப்பிகள் வேலியிட்ட கொட்டடியில் மூன்று குவியலாகப் பிரிக்கப்பட்டன. இரண்டு குவியல் அரசுக்கு, ஒன்று குளித்தவர்க்கு. அந்த ஒன்றிலிருந்துதான் படகின் பங்கும் துணையாட்களின் பங்கும் கழிந்தன. தன் பங்குச் சிப்பியில் முத்து இருக்குமா என்பதையும் அவன் அறியான். அங்கேயே வணிகர்க்கு விற்றுக் கையில் கிடைத்ததைக் கொண்டு கடன் தீர்க்க முனைந்தான்.

அடுத்த ஆண்டும் குளிப்பு நடக்கும் என்னும் உறுதியும் இல்லை. சிப்பிகள் திடீரெனப் பெருகும். காரணம் விளங்காமல் அழியும். இலங்கைக் கரையில் 1892 முதல் 1902 வரை குளிப்பே நடைபெறவில்லை. காரணம் காண வேண்டி அரசு அழைத்ததன்பேரில் 1902இல் ஹெர்ட்மன் என்னும் கடலியல் அறிஞர் வந்தார். அவருக்குத் துணையாக ஜேம்ஸ் ஹார்னல் வந்தார். அவர்களின் ஆய்வறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்தது. ஹார்னல் பின்னர் தமிழகக் கரையின் சங்குத் தொழிலைப் பற்றி 1914இல் எழுதிய நூல் இன்றும் பயன்படுவது. முத்து இல்லாத ஆண்டுகளில் சங்கு குளித்தலே பலருக்குப் பிழைப்பு. அச்சங்குகள் வங்காளத்துக்குச் சென்று வளையல்களாயின.

1905ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பு அக்காலத்தில் பெரும் வெற்றியாகப் பேசப்பட்டது. ஏறக்குறைய 5,000 சுழியோடிகள் ஈடுபட்டனர். தமிழகக் கரையினரோடு பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபியரும் அவர்களுள் இருந்தனர். எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. வெறும் மணற்கரையில் ஒரு நகரமே எழுந்தது. மருத்துவமனை, நீதிமன்றம், காவல் நிலையம், கடைத்தெரு யாவும் சில வாரங்களுக்கு அங்கே இயங்கின. மறு ஆண்டே அரசு அப்படுகைகளை ஒரு கம்பெனிக்கு இருபதாண்டுக் குத்தகைக்கு விட்டது. ஆண்டுக் குத்தகை மூன்று இலட்சத்துப் பத்தாயிரம் ரூபாய். 1907க்குப் பின் சிப்பிகள் கிட்டவில்லை. சில ஆண்டுகளிலேயே கம்பெனி கலைந்தது.

படகு எத்தனை, சிப்பி எத்தனை, வருவாய் எவ்வளவு என்று அரசின் ஏடுகள் துல்லியமாகக் கணக்குக் காட்டுகின்றன. கண்காணித்த அதிகாரிகளின் பெயர்களும் அவற்றில் உள்ளன. ஆயிரக்கணக்கான சுழியோடிகள் அவற்றில் ஓர் எண்ணாக மட்டுமே நிற்கின்றனர். 1906ஆம் ஆண்டுக் குளிப்பில் பணியாற்றிய லியோனார்டு உல்ஃப், 1961இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்று நூலில் அக்காட்சிகளை மனமுருகி எழுதியுள்ளார். அத்தகைய பரிவும் அரிது. அறிவு சுழியோடியிடம் இருந்தது. அவ்வறிவுக்குரிய மதிப்பும் பதிவும் வேறிடம் சென்றன.

தூத்துக்குடிப் பக்கத்தில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து முத்துக் குளிப்பு நடந்தது. இயற்கை முத்துக்காக அங்கு நடந்த பெருங்குளிப்பு அதனோடு முடிந்தது. 1973இல் அதே தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வளர்ப்பு முத்தை உருவாக்கி வெற்றி கண்டது.

தலைக்கவசக் காலத்தின் பாடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேலைநாட்டார் செம்புத் தலைக்கவசமும் காற்றுக்குழாயும் கொண்டு நீரில் இறங்கினர். ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் உள்ள புரூம் நகரம் பொத்தான் செய்ய உதவும் முத்துச் சிப்பி ஓட்டுக்காக அம்முறையில் வளர்ந்தது. அங்கு ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்ற மலாய்க்காரர் பலர் சிங்கப்பூர்த் துறைமுகத்தின் வழியாகச் சேர்க்கப்பட்டவர்கள். ஆழத்தில் இறங்கிய வேலையை மிகுதியாக ஏற்றவர் ஜப்பானியர்.

மூச்சை அடக்கி இறங்கிய பழைய சுழியோடி அவ்வளவாக அறியாத ஒரு நோய் இப்புதிய முறையோடு வந்தது. ஆழத்தில் நெடுநேரம் காற்றை உட்கொள்ளும்போது அதிலுள்ள நைட்ரசன் குருதியில் கரைகிறது. விரைந்து மேலேறினால், சோடாப் புட்டியைத் திறந்தவுடன் குமிழிகள் எழுவதுபோல அது உடலுக்குள் குமிழியாகிறது. மூட்டுவலி, வாதம், மரணம் என அதன் விளைவுகள் நீளும். படிப்படியாக நின்று மேலேறும் முறையை 1908ஆம் ஆண்டில் ஹால்டேன் என்னும் பிரிட்டிஷ் அறிஞர் அட்டவணையாக வகுத்துத் தந்தார். ஆயினும் அறிவியல் கண்ட காப்பு கூலிக்கு இறங்கியவனை எளிதில் சென்றடையவில்லை. புரூமில் உள்ள ஜப்பானியர் கல்லறையில் 900க்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். இந்நோய்க்கும் புயலுக்கும் இரையானவர்கள் அவர்களுள் பலர்.

அதே புரூமில் 1912ஆம் ஆண்டில் மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. ஆசியரை விலக்கிவிட்டு வெள்ளையரைக் கொண்டே தொழிலை நடத்தலாம் எனக் காட்ட, பிரிட்டிஷ் கடற்படையில் முறையாகப் பயின்ற சிலர் வரவழைக்கப்பட்டனர். சான்று அவர்களிடம் இருந்தது. அக்கடலைப் பற்றிய பழக்கம் இல்லை. ஓடு எடுப்பதில் அவர்கள் ஜப்பானியருக்கு ஈடாகவில்லை. உயிரிழந்தோரும் அவர்களுள் உண்டு. முயற்சி கைவிடப்பட்டது. அனுபவம் மட்டும் உடையவன் அறிவியல் அறியாமல் மாண்டான். சான்று மட்டும் உடையவன் கடல் அறியாமல் மாண்டான். இரண்டும் ஒருங்கே வேண்டும் என்பது புரூம் தரும் பாடம்.

மாறிய முதல் விதி

1943ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் ழாக் கூஸ்தோவும் எமில் கஞ்ஞானும், ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் காற்றைத் தானே அளந்து தரும் கருவியை உருவாக்கினர். குழாயும் கயிறும் இன்றி மனிதன் நீருக்குள் உலவ வழி பிறந்தது. தொடர்ந்து பயிற்சி அமைப்புகள் தோன்றின. 1959இல் உலக நீரடி விளையாட்டுக் கூட்டமைப்பும், 1966இல் பாடி என அழைக்கப்படும் அமெரிக்க அமைப்பும் எழுந்தன. படிப்படியான பாடத்திட்டமும் சான்று அட்டையும் உலகெங்கும் பரவின.

இப்புதிய தொழிலின் முதல் விதி பழைய தொழிலின் முதல் விதிக்கு நேர்மாறானது. முத்துக் குளித்தவனின் முதல் பாடம் மூச்சை அடக்கு என்பது. ஸ்கூபா பயில்பவனின் முதல் பாடம், ஒருபோதும் மூச்சை அடக்காதே என்பது. காரணம் எளிது. நீரில் பத்து மீட்டர் இறங்கினால் உடலின் மீதான அழுத்தம் இரு மடங்காகும். மேற்பரப்பில் வாங்கிய மூச்சோடு இறங்குபவனின் நுரையீரல் ஆழத்தில் சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்கே விரியும். உருளைக் காற்றை ஆழத்தில் நிரம்ப வாங்கியவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலேறினால், பத்து மீட்டரில் வாங்கிய காற்று மேற்பரப்பில் இரு மடங்காகப் பெருகி நுரையீரலைக் கிழித்துவிடும். இதற்குப் பெரிய ஆழம் தேவையில்லை; நீச்சல் குளத்தின் ஆழமே போதும்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடும் செய்தியன்று. பிற்காலத்தில் மன்னார் வளைகுடாவின் சங்கு குளிப்போரிடையே காற்று உருளைகளும் கம்ப்ரசர் குழாய்களும் புகுந்தன; முறையான பயிற்சி அவற்றோடு புகவில்லை. தலைமுறைகளாகக் காத்த அறிவே புதிய கருவியோடு சேர்ந்தபோது ஆபத்தாயிற்று. மூச்சடக்கும் பழக்கம் உடையவனுக்கு, அடக்காதே என்று அவன் மொழியில் சொல்லித் தர ஒரு நூலோ ஆசிரியரோ கிடைப்பது அரிதாயிற்று.

பழைய முறையும் முற்றும் மறைந்துவிடவில்லை. பாம்பன் பகுதித் தீவுகளைச் சுற்றி மூச்சடக்கி இறங்கிக் கடற்பாசி சேகரிக்கும் பெண்கள் இன்றும் உள்ளனர். 1986இல் அத்தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின் அவர்களின் தொழிலுரிமை கேள்விக்குள்ளாயிற்று. அவ்வுரிமைக்காக நின்ற சின்னப்பாலம் இலட்சுமி மூர்த்திக்கு 2015ஆம் ஆண்டில் அனைத்துலகச் சீக்காலஜி விருது கிடைத்தது. கடலடியில் உழைப்பவர் ஒருவரின் பெயர் உலக ஏட்டில் பதிவானது சிறிய செய்தி அன்று.

இன்றைய பயிலுநன்

பினாங்கைச் சூழ்ந்த நீர் ஆற்றுச் சேற்றாலும் கண்டல் நிலத்தாலும் கலங்கியது. தெளிந்த நீரில் பவளப்பாறை காண விரும்புவோர் வடக்கே பாயார்த் தீவுக்குச் செல்வர். மலேசியாவின் கடல்சார் பூங்காக்களுள் முதன்மையான அத்தீவு கெடா மாநிலத்துக்கு உரியது. தமிழர் கடாரம் என வழங்கிய நாட்டின் கடல் அது. கிழக்கே தியோமான், பெர்ஹெந்தியான் தீவுகளும், சபாவில் சிப்பாடானும் உலகப் புகழ் பெற்ற நீரடித் தலங்கள்.

இத்தொழிலில் நுழைபவர் முதலில் 18 மீட்டர் வரை இறங்கத் தகுதி தரும் தொடக்கச் சான்று பெறுகிறார். பத்துப் பாகம் என்று பழைய சுழியோடி கண்ட எல்லையும் இன்றைய தொடக்க எல்லையும் ஒன்றாக அமைந்திருப்பது எண்ணத்தக்கது. பின்னர் மேல்நிலைப் பயிற்சி, மீட்புப் பயிற்சி. அதன்பின்னரே தொழில்முறைப் படியான டைவ் மாஸ்டர் நிலை. பாடி அமைப்பின் விதிப்படி, அதற்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். பயிற்சி தொடங்க 40 முறையும், சான்று பெற 60 முறையும் நீரில் இறங்கிய பதிவு வேண்டும். அதற்கும் மேலே பயிற்றுநர் நிலை உள்ளது. இருவர் இருவராகவே இறங்கவேண்டும் என்பதும், இறங்குமுன் ஒருவர் கருவியை மற்றவர் சோதிக்கவேண்டும் என்பதும் கண்டிப்பான விதிகள். கயிறு பிடித்த மைத்துனன் இன்று இணையாளராக நீருக்குள்ளேயே உடன் வருகிறார்.

ஆயினும் கரையில் உள்ள கயிற்றை இன்றைய பயிலுநரும் மறந்துவிடலாகாது. அயல்நாட்டு நீரடிப் பள்ளிகள் பலவற்றில் பயிலுநர் பல மாதங்கள் ஊதியமின்றி வேலை செய்கிறார். உருளை சுமக்கிறார், படகு கழுவுகிறார், வாடிக்கையாளரை அழைத்து வருகிறார். பயிற்சிக் கட்டணத்துக்கு ஈடு என்று அவ்வுழைப்புக் கணக்கிடப்படுகிறது. நேர்மையாக நடந்தால் கைப்பொருள் இல்லாதவனுக்கு அது நல்ல வாய்ப்பு. நேர்மை தவறினால், முன்பணக் கடனில் சிக்கிய பழைய சுழியோடியின் நிலையே புது உடையில் திரும்பி வரும். ஆகவே புறப்படுமுன் கேட்கவேண்டிய கேள்விகள் சில உண்டு. வேலைக்கான அனுமதி முறைப்படி பெறப்பட்டதா? எத்தனை மணி நேர உழைப்புக்கு எந்தச் சான்று என்பது எழுத்தில் உள்ளதா? நீரடி விபத்துக்கான காப்பீடு யார் பெயரில் உள்ளது? உடலை மீண்டும் அழுத்தத்துக்கு உட்படுத்திக் குமிழிகளைக் கரைக்கும் சிகிச்சை அறை எவ்வளவு தொலைவில் இருக்கிறது? பேராக் மாநிலத்தின் லூமுட் இராணுவ மருத்துவமனையில் அத்தகைய அறை உண்டு. எல்லாத் தீவுகளுக்கும் அருகில் அது வாய்ப்பதில்லை. தலைவலியோ சளியோ இருக்கும் நாளில், இன்று இறங்கமாட்டேன் என்று சொல்லும் உரிமை பயிலுநருக்கு உண்டா என்பது இவை எல்லாவற்றினும் முதன்மையான கேள்வி. மரிச்சுக்கட்டியில் இறங்கிய ஐயாயிரவர்க்கு இக்கேள்விகளைக் கேட்கும் வாய்ப்பு இருக்கவில்லை.

கயிறு பிடிக்கும் மொழி

இத்தொழிலை இன்று கற்கும் தமிழ் இளைஞர் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கற்கிறார். அது தேவை, உலகெங்கும் வேலை செய்ய வேண்டியவருக்கு அது தவிர்க்க முடியாதது. ஆனால் பார், பாகம், சம்மாட்டி, சுழியோடி, கடல்கட்டி என ஈராயிரம் ஆண்டுத் தொழிலில் விளைந்த சொற்கள் பாடநூலிலும் அகராதியிலும் முறையாகத் தொகுக்கப்பட வேண்டும். அவற்றை நாவில் கொண்டிருக்கும் முதியோர் கடற்கரையூர்களில் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். மாணவர்களைக் கொண்டு அச்சொற்களைத் திரட்டும் பணி தமிழாசிரியர்க்கு ஏற்றது. பூம்புகார்க் கடலடியில் ஆய்வாளர் தேடிய தடயங்களைப் போலவே இச்சொற்களும் தொல்பொருள்கள். இவற்றை எடுக்க நீரில் இறங்கவும் தேவையில்லை.

அதனினும் உடனடியான தேவை ஒன்றும் உண்டு. மூச்சை அடக்காதே, மெல்ல மேலேறு, தனியே இறங்காதே, உடல் ஒவ்வாத நாளில் மறுத்துவிடு என்னும் நான்கு விதிகளையும் அவற்றின் காரணங்களையும் எளிய தமிழில் விளக்கும் ஒரு சிறு கைந்நூல், சங்கு குளிக்கும் குடும்பங்களுக்கும், பாயார்த் தீவில் முதன்முறை இறங்கும் மாணவனுக்கும் ஒருங்கே பயன்படும். அன்று படகின் விளிம்பில் நின்றவன், கீழே இருப்பவனின் மூச்சைத் தன் மூச்சாக எண்ணிக் கயிற்றை இறுகப் பிடித்தான். அவ்வளவு அக்கறையோடு எழுதப்படும் நூல் எதுவாயினும், அது ஓர் உயிரையேனும் மேலே இழுத்துக் கரை சேர்க்கும்.